தண்ணி நின்னுட்டா என்ன ஆவும்?

1

அக்கா மகனுக்கு 12 வயது. கோடை விடுமுறைக்கு நான் வேலை பார்க்கும் நகரத்துக்கு வந்திருந்தான். ஒரு சனிக்கிழமை அவனைக் கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். நான்கைந்து ராட்டினங்கள் முடிந்தபிறகு லாக் ஃப்ளூம் வரிசையில் போய் நின்றோம். பெருமரத்தைக் குடைந்து செய்தது போன்ற படகு. உண்மையில் ஃபைபர். பட்டை உரிந்த மாதிரி, கணு இருக்கிற மாதிரியெல்லாம் வண்ணம் அடித்திருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக நான்கு பேர் உட்காரலாம். சிமெண்ட் வாய்க்காலில் மிதந்து போய், வளைந்து திரும்பி, ஒரு ரப்பர் பெல்ட்டில் ஏறி, உச்சியிலிருந்து செங்குத்தாகச் சறுக்கிக் கீழே இருக்கும் குளத்தில் விழ வேண்டும். நாற்பது நிமிட வரிசை, மூன்று நிமிடச் சவாரி, மூன்று விநாடிச் சறுக்கல்.

எங்கள் படகு பெல்ட்டில் பாதி தூரம் ஏறியதும் நின்றுவிட்டது. மோட்டார் சத்தம் அடங்கியது. மூக்கு மேலே தூக்கியபடி, முதுகு பின்னால் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தோம். கீழே ஊழியர் ஒருவர் பொத்தான் பலகை அருகே நின்று எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். பயப்பட வேண்டாம் என்கிறாரா, அசையாதே என்கிறாரா என்று தெரியவில்லை.

"மாமா, இப்ப தண்ணி நின்னுட்டா என்ன ஆவும்?" என்றான்.

"ஒண்ணும் ஆவாதுல, பேசாம இரி."

இரண்டு நிமிடத்தில் பெல்ட் ஓடியது. ஏறினோம், விழுந்தோம், நனைந்தோம். போட்டோவில் அவன் சிரித்துக்கொண்டிருக்கிறான், நான் கண்ணை மூடியிருக்கிறேன். ஆனால் அவனிடம் சொன்ன பதில் பொய். எனக்கு அது தெரியாது. பொறியியல் படித்தவன், பன்னிரண்டு வருடமாக சாஃப்ட்வேர் எழுதுகிறவன், ஒரு சிறுவனின் நேரான கேள்விக்கு வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறேன்.

அவன் ஏன் அதைக் கேட்டான் என்பது எனக்குப் புரிந்தே இருந்தது. பண்பொழிப் பையன் அவன். பூங்காவில் மற்ற பிள்ளைகள் எல்லாம் உயரத்தைப் பார்த்துப் பயந்தார்கள். அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பண்பொழியைத் தெரியாதவர்களுக்கு: தென்காசியிலிருந்து செங்கோட்டை போய், அங்கிருந்து வடக்கே திரும்பினால் வரும் ஊர். மேற்கே மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கும். அதற்கு முன்னால் தனியாக ஒரு குன்று, அதன் மேல் திருமலைக் குமாரசாமி கோயில். படியேறி மேலே நின்று பார்த்தால் வயல், தென்னந்தோப்பு, குளம், அதைத் தாண்டி மேக்கரைப் பக்கம் அடவிநயினார் அணை. அனுமன் நதித் தண்ணீர் அங்கே தேங்கித்தான் எங்கள் பக்கம் வரும். அணையின் முழு உயரம் 132 அடி. சாரல் தொடங்கிவிட்டால் ஊரில் டீக்கடைப் பேச்சே "அணையில இன்னைக்கி எத்தன அடி?" என்பதுதான். இந்த ஊரில் வளர்கிற பிள்ளைக்குத் தண்ணீர் என்பது எங்கோ மேலே யாரோ திறப்பதும் மூடுவதுமான ஒன்று. சில சமயம் யாரும் திறக்காமலேயே வருவது.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படி வந்தது. கீழே குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேலே காட்டுக்குள் பெய்த மழையைப் பார்த்திருக்க முடியாது. சில நிமிடங்களில் அருவி பெருகி, படிக்கட்டுகளே ஓடையாயின. ஜனங்கள் அலறியடித்து இறங்கி ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அந்த வீடியோவை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். என் அக்கா அதற்குப் பிறகு மகனைப் பழைய குற்றாலத்துக்கு அனுப்புவதில்லை. அருவிக்குப் பதிலாகத்தான் அவனுக்கு இந்தப் பூங்கா.

ஆக அவன் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்வது என் கடன் ஆகிவிட்டது. தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அது நான் நினைக்காத இடங்களுக்கெல்லாம் கூட்டிப்போனது.

2

லாக் ஃப்ளூம் முதலில் விளையாட்டே இல்லை. அது மரம் கடத்தும் வாய்க்கால்.

1859இல் அமெரிக்காவின் நெவாடா பகுதியில் காம்ஸ்டாக் என்ற பெரிய வெள்ளிப் படிவம் கண்டுபிடிக்கப்பட்டது. வர்ஜீனியா சிட்டி என்ற ஊர் அதன்மேல் முளைத்தது. அங்கே பாறை உறுதியில்லாதது. குடையக் குடையச் சரியும். அதனால் சுரங்கத்துக்குள் பருத்த சட்டங்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கி முட்டுக்கொடுத்தார்கள். ஊருக்கு மேலே இருந்த காடு சிறிது சிறிதாக ஊருக்குக் கீழே போனது என்று சொல்லலாம். மரம் இருந்ததோ தூரத்தில், சியர்ரா நெவாடா மலைச்சரிவில். மாட்டுவண்டியில் இறக்குவது கட்டுப்படியாகவில்லை.

மலையில் தண்ணீர் இருந்தது. பலகையால் தொட்டி வாய்க்கால் கட்டி, அதில் தண்ணீர் விட்டு, மரத்தை மிதக்கவிட்டார்கள். முதலில் கட்டியவை பெட்டி வடிவம்: அடி தட்டை, பக்கம் நேர். அதில் ஒரு தொல்லை. ஒரு தடி குறுக்கே மாட்டிக்கொண்டால் பின்னால் வருவதெல்லாம் அதில் மோதி, தண்ணீர் வழிந்து, வாய்க்காலே உடையும்.

1868இல் ஜேம்ஸ் ஹெய்ன்ஸ் என்பவர் இதற்குக் கண்டுபிடித்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு அடி அகலமும் 16 அடி நீளமும் உள்ள இரண்டு பலகைகளைச் செங்கோணமாகச் சேர்த்தார். 'வி' வடிவ வாய்க்கால். அவ்வளவுதான். இதில் ஒரு தடி சிக்கினால் அது அணை மாதிரி தண்ணீரைத் தேக்கும். தேங்கிய தண்ணீர் ஏறும். ஏற ஏற வாய்க்கால் அகலமாகிறதல்லவா, தடி தூக்கப்பட்டு, அகலமான இடத்துக்கு வந்து, தானே விடுபட்டுப் போய்விடும். அடைப்பே அடைப்பை எடுக்கிறது. ஒரு மென்பொருள் தானாகத் தன் கோளாறிலிருந்து மீள வேண்டுமென்று நாங்கள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறோம். இந்த மனிதர் இரண்டு பலகையில் அதை முடித்திருக்கிறார்.

அதற்குப் பிறகு மேற்கு அமெரிக்கா முழுவதும் இந்த வாய்க்கால்கள் பரவின. கலிபோர்னியாவில் கிங்ஸ் ஆற்றை ஒட்டி 1890இல் முடிந்த வாய்க்கால் மலையிலிருந்து சாங்கர் என்ற ஊர் வரை 54 மைல், அதாவது 87 கிலோமீட்டர். பண்பொழியில் ஒரு கட்டையைப் போட்டால் திருநெல்வேலியைத் தாண்டிப் போய் எடுக்கலாம். மரச்சட்டங்களால் ஆன உயர்ந்த தாங்கிகளின் மேல், பள்ளத்தாக்குகளைக் கடந்து போனது அது. பாதை நெடுகக் காவல்காரர்கள் இருந்தார்கள். கையில் கொக்கி வைத்த நீளக் கம்பு; சிக்கும் கட்டையைத் தள்ளிவிடுவது வேலை. ஒற்றைப் பலகை அகல நடைபாதையில் அவர்கள் நடந்தார்கள்.

இந்தத் தொழிலாளர்கள்தான் முதலில் இதில் சவாரி போனவர்கள். பழுது பார்க்கவும் அவசரத்துக்கு மலையிறங்கவும் 'வி' வடிவத்துக்குப் பொருந்தும் சின்னப் படகு ஒன்றைச் செய்து அதில் உட்கார்ந்து வந்தார்கள். பிரேக் கிடையாது, திருப்ப வழி கிடையாது, நடுவில் இறங்கவும் முடியாது.

1875இல் 'நியூயார்க் ட்ரிப்யூன்' நிருபர் ராம்ஸ்டெல் நெவாடாவுக்கு வந்தார். அந்த வாய்க்காலின் முதலாளிகளில் இருவர், வெள்ளிச் சுரங்கக் கோடீஸ்வரர்களான ஜேம்ஸ் ஃபேர், ஜேம்ஸ் ஃப்ளட், அவரையும் சேர்த்துக்கொண்டு இரண்டு படகுகளில் ஏறினார்கள். பன்றித் தொட்டி போல இருந்தது என்று படகை அவர் வர்ணித்தார். 15 மைல் தூரத்தை அரைமணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் கடந்து, நனைந்து, அடிபட்டு, கீழே வந்து சேர்ந்தார்கள். தன் சுரங்கத்தையே கொடுத்தாலும் இன்னொரு முறை இதில் ஏற மாட்டேன் என்று ஃப்ளட் சொன்னதாக ராம்ஸ்டெல் எழுதினார். பூங்காவில் இறங்கியதும் எனக்குப் பின்னால் இருந்தவர் மனைவியிடம் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். ஆனால் அவர் கையில் அடுத்த சவாரிக்கான சீட்டு இருந்தது.

வேலையாக இருந்தபோது பயங்கரமாக இருந்தது, காசு கொடுத்து ஏறும்போது விளையாட்டாகிறது. இந்த மாற்றம் ஒரே நாளில் நடந்ததில்லை. 1884இல் இல்லினாய் மாநிலத்தில் ராக் ஐலண்ட் ஊரின் வாட்ச் டவர் பூங்காவில் ஒரு சறுக்குப் பாதை வந்தது: தட்டையடிப் படகு மேட்டிலிருந்து தண்டவாளத்தில் சறுக்கி ஆற்றில் விழும். பால் பாய்ட்டன் என்ற நீச்சல் சாகசக்காரர் இந்த வகைச் சறுக்கலை 1894இல் சிகாகோவிலும் 1895இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டிலும் வைத்தார்.

மரக்கட்டை வேடம் வந்தது 1963இல். டெக்சாஸ் மாநிலத்தின் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் பூங்காவில் 'எல் அசெர்ரடேரோ' என்ற சவாரி திறக்கப்பட்டது. ஸ்பானிஷில் அதற்கு மரம் அறுக்கும் ஆலை என்று பொருள். கட்டியது கலிபோர்னியாவின் ஆரோ டெவலப்மெண்ட் நிறுவனம். எட் மோர்கன், கார்ல் பேக்கன் ஆகியோர் நண்பர்களோடு தொடங்கிய பட்டறை. 1959இல் டிஸ்னிலாண்டின் மேட்டர்ஹார்ன் மலை ராட்டினத்துக்கு எஃகுக் குழாய்ப் பாதை போட்டுப் பெயர் வாங்கியவர்கள். கூட்டம் தாங்காமல் 1968இல் அதே பூங்காவில் பக்கத்திலேயே இரண்டாவது வாய்க்காலும் கட்ட வேண்டியிருந்தது. பிறகு உலகம் முழுக்கப் பரவியது. நம் நாட்டுப் பூங்காக்களில் மிதக்கும் மரக்கட்டைகளும் இந்த வம்சம்தான்.

ஒரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. வாஷிங்டன் மாநிலத்தில் ப்ரௌட்டன் என்ற நிறுவனத்தின் 14 கிலோமீட்டர் மர வாய்க்கால் 1986 டிசம்பர் வரை ஓடியது. அதாவது டெக்சாஸில் பிள்ளைகள் ஃபைபர் கட்டையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்த 23 வருடமும், அதே நாட்டில் நிஜக் கட்டைகள் நிஜ வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தன. யாரோ ஒருவர் கொக்கிக் கம்போடு பக்கத்தில் நடந்துகொண்டிருந்தார்.

3

நம் மலையில் மரம் எப்படி இறங்கியது?

பதில் ஓர் ஊர்ப்பெயரில் இருக்கிறது. பொள்ளாச்சிக்கு மேலே ஆனைமலையில் உள்ள டாப்ஸ்லிப். யானைச் சவாரிக்கும் பழைய சினிமாப் பாட்டுக்கும் தெரிந்த இடம். பெயரைப் பிரித்துப் பாருங்கள்: மேல் சறுக்கு. மலை உச்சியில் வெட்டிய தேக்குத் தடிகளை யானைகள் இழுத்து வந்து விளிம்பில் சேர்க்கும். அங்கிருந்து சரிவில் உருட்டிச் சறுக்கவிடுவார்கள். கீழே சமவெளியில் பொறுக்கி வண்டி ஏற்றுவார்கள்.

அந்தத் தேக்கு எங்கே போனது? முதலில் பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்கு. 1840களின் கடைசியில் கும்பினி அரசு ஜேம்ஸ் மைக்கேல் என்ற இளம் ராணுவ அதிகாரியை ஆனைமலைக் காட்டுக்குப் பொறுப்பாக்கியது. 1856இல் மதராஸ் மாகாணத்துக்குக் காடுகளின் காப்பாளராக ஹ்யூ க்ளெக்ஹார்ன் நியமிக்கப்பட்டார். அதற்குள் ரயில் வந்துவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் போட ஸ்லீப்பர் கட்டை வேண்டும், எஞ்சினுக்கு விறகு வேண்டும். காப்பாளர் என்ற பதவியே காடு தீர்ந்துபோகும் என்ற பயத்தில் பிறந்ததுதான். இருபதாம் நூற்றாண்டில் அங்கே வந்த ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி வெட்டிய இடங்களில் தேக்கை மறுபடி வளர்த்தார். கைத்தடியால் மண்ணைக் குத்தி விதை போட்டுக்கொண்டே நடப்பாராம். டாப்ஸ்லிப் அருகே அவருடைய கல்லறை இருக்கிறது. என்னைப் பார்க்க வேண்டுமானால் சுற்றிலும் பார் என்ற பொருளில் லத்தீனில் எழுதியிருக்கிறது.

மலைக்கு மறுபுறம், பரம்பிக்குளம் பக்கம், கொச்சி சமஸ்தானம் இன்னும் நுட்பமான வேலை செய்தது. 1907 முதல் 1963 வரை சாலக்குடியிலிருந்து காட்டுக்குள் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் ஒரு டிராம் பாதை ஓடியது. செங்குத்தான இடங்களில் எஞ்சின் ஏறாது. அங்கே வடத்தின் இரண்டு முனைகளில் இரண்டு வண்டிகளைக் கட்டினார்கள். தடி ஏற்றிய வண்டி தன் எடையால் இறங்கும்; இறங்கும்போது காலி வண்டியை மேலே இழுக்கும். கிணற்று உருளையில் இரண்டு வாளி கட்டியது போல. மரமே மரத்தை இறக்கிவிட்டது. நடுவில் வேகத்தைப் பிடித்துவைக்க பிரேக் சக்கரமும் அதைப் பிடிக்க ஓர் ஆளும் வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்துக் கதை இதைவிடச் சாதாரணம். 1904இல் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் ரயில் தொடர்பு வந்தது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோதும் மலையிறங்கி வரும் தடி லாரிகளைப் பார்த்தபடிதான் பள்ளிக்கூடம் போனேன். வளைவில் லாரி திரும்பும்போது சங்கிலி இறுகும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "தடி லாரி பின்னால சைக்கிள் விடாத" என்பது எங்கள் ஊர் அம்மாக்களின் பொது அறிவுரை.

அமெரிக்காவில் மரம் இறங்கிய பாதை ஒரு விளையாட்டாகப் பிழைத்துக்கொண்டது. பிள்ளைகள் அதில் ஏறுகிறார்கள், மரம் வெட்டிகளின் பொம்மைகள் வழியில் கையாட்டுகின்றன. நம் பக்கத்தில் அது ஒரு பெயராக மட்டும் மிஞ்சியது. அந்தத் தடிகளைச் சரிவுக்குக் கொண்டுவந்த காடர்களும் மலசர்களும் பாகன்களும் எந்தப் பூங்காவிலும் பொம்மையாகக்கூட இல்லை. சென்னையிலோ பெங்களூரிலோ நாம் ஏறும் ஃபைபர் கட்டை கலிபோர்னியாவின் நினைவு, ஆனைமலையின் நினைவு அல்ல. இதைக் குறையாகச் சொல்லவில்லை. டாப்ஸ்லிப்பில் செல்ஃபி எடுத்த நானே அந்தப் பெயரை அதற்கு முன் ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை.

4

சரி, அந்தப் படகு எப்படி ஓடுகிறது?

அடியில் ஒரு குளம். அதிலிருந்து பம்புகள் தண்ணீரை வாய்க்காலின் மேல்தலைக்குத் தள்ளும். மிக லேசான சரிவில் அது ஓடி மறுபடி குளத்துக்கே வரும். படகுக்கு எஞ்சின் இல்லை, சுக்கானும் இல்லை. பக்கச் சுவரில் உரசாமல் இருக்க ஓரத்தில் சின்னச் சக்கரங்கள். சறுக்கலில் தண்டவாளத்தைப் பிடிக்க அடியில் சக்கரங்கள். வளைவில் திரும்புவது சுவர் திருப்புவதால்தான்.

ஏற்றத்துக்கு மட்டும் பெல்ட். ஏன் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். விநாடிக்கு 1 கன மீட்டர் தண்ணீரை 12 மீட்டர் உயரத்துக்குத் தூக்க, இழப்புகளைச் சேர்க்காமலே, 118 கிலோவாட் வேண்டும். எங்கள் வயற்காட்டு மோட்டார் 5 குதிரைத்திறன் என்று வைத்துக்கொண்டால், முப்பதுக்கும் மேற்பட்ட மோட்டார்கள் இடைவிடாமல் ஓட வேண்டும். ஆட்களோடு சேர்த்து 500 கிலோ எடையுள்ள படகை 20 விநாடிக்கு ஒன்றாக அதே உயரத்துக்கு ஏற்ற 3 கிலோவாட் போதும். ஒரு பெரிய கீசர். ஆகவே வடிவமைப்பவரின் முதல் சிக்கனம் தண்ணீரை எவ்வளவு குறைவாக, எவ்வளவு தாழ்வாகத் தூக்கலாம் என்பது.

12 மீட்டர் உயரத்திலிருந்து உராய்வில்லாமல் சறுக்கினால் கீழே வரும்போது வேகம் விநாடிக்கு 15 மீட்டர், மணிக்கு 55 கிலோமீட்டர். இதைச் சில விநாடிகளில் நடைவேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிரேக் கட்டை கிடையாது. பிரேக் என்பது தண்ணீர்தான். படகின் மூக்கு குளத்துத் தண்ணீரை முன்னாலும் பக்கவாட்டிலும் வாரித் தள்ளுகிறது. தன் வேகத்தை அந்தத் தண்ணீருக்குக் கொடுத்துவிடுகிறது. நாம் காசு கொடுத்து ரசிக்கும் அந்தப் பெரிய தெறிப்பு, படகு கழற்றிப் போட்ட வேகம். அதனால் குளத்தின் மட்டம் சில அங்குலம் மாறினாலும் சவாரி மாறும். குறைந்தால் படகு சரியாக நிற்காது. கூடினால் சுவரில் இடித்தது போல் நிற்கும்.

மூன்றாவது விஷயம் இடைவெளி. 20 விநாடிக்கு ஒரு படகு, படகுக்கு 4 பேர் என்றால் மணிக்கு 720 பேர். வரிசை நீளம் என்று 10 விநாடிக்கு ஒன்றாக விட்டால் 1,440. ஆசைதான். ஆனால் பாதை பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முன்னால் போன படகு ஒரு பகுதியை விட்டு வெளியேறியது என்று சென்சார் சொன்னால் மட்டுமே அடுத்தது உள்ளே போகலாம். ரயில்வே சிக்னல் போட்டுத் தந்த அதே பழைய விதி. எங்கள் படகு ஏற்றத்தில் நின்றது பெரும்பாலும் இதனால் இருக்கும்: மேலே முன்படகு இன்னும் நகரவில்லை என்று எதுவோ சொல்லியிருக்கிறது, கணினி பெல்ட்டை நிறுத்தியிருக்கிறது. நின்றதுதான் பாதுகாப்பு. அப்போது எனக்கு அது கோளாறாகத் தெரிந்தது.

இப்போது மருமகன் கேள்வி. தண்ணி நின்னுட்டா?

பம்பு நின்றால் வாய்க்காலில் ஓடும் தண்ணீர் முழுக்க இறங்கி அடிக்குளத்துக்கு வந்துவிடும். அவ்வளவையும் தாங்கும் அளவுக்குக் குளத்தில் காலியிடம் விட்டுத்தான் கட்ட வேண்டும். வாய்க்கால் வற்ற வற்றப் படகுகள் அங்கங்கே தரைதட்டும். எல்லாப் படகும் நின்றுவிட்டால் ஆபத்தில்லை. ஏணி வைத்து இறக்கிவிடலாம். தண்ணீர் நின்று, பெல்ட் மட்டும் நிற்காமல் ஓடினால்?

2016 அக்டோபர் 25 அன்று ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில், ட்ரீம்வேர்ல்ட் பூங்காவில் அதுதான் நடந்தது. அது லாக் ஃப்ளூம் அல்ல. அதன் சித்தப்பா பிள்ளை. வட்டத் தெப்பத்தில் ஆறு பேர் உட்கார்ந்து போகும் தண்டர் ரிவர் ராபிட்ஸ். 1986 முதல் ஓடியது. அன்று பகலில் ஒரு பம்பு இரண்டு முறை நின்று, மறுபடி ஓட்டப்பட்டிருந்தது. மூன்றாம் முறை நின்றபோது மட்டம் சரசரவென்று இறங்கியது. பெல்ட்டின் முடிவில் காலித் தெப்பம் ஒன்று தண்டவாளத்தில் தரைதட்டி நின்றது. பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது. அது அடுத்த தெப்பத்தை ஆட்களோடு கொண்டுவந்து அதன்மேல் மோதியது. தெப்பம் நிமிர்ந்தது. நான்கு பேர் இறந்தார்கள். இரண்டு பிள்ளைகள் தப்பினார்கள்.

பம்பு நின்றதற்கும் மோதலுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு நிமிடம் இருந்தது. மட்டம் குறைந்தால் பெல்ட்டைத் தானாக நிறுத்தும் சென்சார் அங்கே இல்லை. எல்லாவற்றையும் ஒரே அடியில் நிறுத்தும் ஒற்றைப் பொத்தானும் இல்லை. மட்டம் இறங்குவதைக் கண்ணால் பார்த்து, எந்தப் பொத்தான் எதை நிறுத்தும் என்று நினைவுபடுத்தி, அழுத்த வேண்டியது இளம் ஊழியர்கள் பொறுப்பில் இருந்தது. 2020 பிப்ரவரியில் வெளியான மரண விசாரணை அறிக்கை குற்றத்தை அந்த ஊழியர்கள்மேல் போடவில்லை. பூங்காவின் பாதுகாப்பு முறைகளைத்தான் கடுமையாகச் சாடியது. அதே ஆண்டு நிறுவனத்துக்கு 36 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. காலையில் இரண்டு முறை ஓர் எச்சரிக்கை வந்து, ரீஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிட்டது என்று விட்டுவிட்ட நாட்கள் எனக்கும் உண்டு. என் வேலையில் அதற்கு விலை யாரோ ஒருவருக்கு ஆப் திறக்காமல் போவது. பூங்காவில் கையை உயர்த்திக் காட்டிய ஊழியரின் முகம் அன்றைக்கு முதல்முறையாக நினைவுக்கு வந்தது. அவர் எங்களைப் பார்க்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. எங்களுக்கு மேலேயும் கீழேயும் இருந்த தண்ணீரைத்தான் பார்த்திருப்பார்.

5

ஜூலையில் ஊருக்குப் போனேன். சாரல் நன்றாக இருந்தது. அக்காவிடம் கேட்டேன்: "பேரருவிக்கு மட்டும் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்க்கா." அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பழைய குத்தாலம் வேண்டாம். போலீசு விசில் அடிச்சா ஒரு நிமிசம் நிக்கக்கூடாது, கேட்டுக்கோ" என்றாள். 35 வயதுத் தம்பியிடம் சொன்னாள்.

பேரருவியை முதல்முறையாக ஒரு பொறியாளனாகப் பார்த்தேன். ஏறக்குறைய 60 மீட்டர் உயரம். அத்தனை உயரத்திலிருந்து தண்ணீர் நேரே தலையில் விழுந்தால் யாராலும் நிற்க முடியாது. கணக்குப்படி விநாடிக்கு 34 மீட்டர் வேகம், மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல். நிற்க முடிவதற்குக் காரணம் நடுவில் இருக்கும் பொங்குமாங்கடல். மேலிருந்து விழும் தண்ணீர் முதலில் பாறையில் உள்ள அந்த ஆழமான பள்ளத்தில் விழுந்து, அங்கே தன் வேகத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, பொங்கி வழிந்து, பாறை மேல் தவழ்ந்து நம்மிடம் வருகிறது. படகு விழும் குளம் செய்யும் அதே வேலை. அணைகளுக்குக் கீழே பொறியாளர்கள் கட்டும் தேக்கத் தொட்டியும் இதே யோசனைதான். இங்கே யாரும் கட்டவில்லை, ஆறே தோண்டிக்கொண்டது.

அருவிக்குக் கீழே அந்த வளைவு. தென்காசிப் பக்கத்துச் செய்தித்தாள்களில் வருடா வருடம் வரும் வரி உண்டு: பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டுகிறது, குளிக்கத் தடை. சிமெண்டில் கட்டிய அந்த வளைவு எங்கள் ஊரின் மட்டம் காட்டும் சென்சார். பொங்குமாங்கடலால் அடக்க முடியாத அளவு தண்ணீர் வந்தால் அது எட்டிக் குதிக்கும், வளைவைத் தாண்டி விழும், விசில் ஒலிக்கும்.

மருமகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெல்ட், பம்பு, ஹெய்ன்ஸின் இரண்டு பலகை, ட்ரீம்வேர்ல்ட் வரை. பூங்காவில் சொன்னது தெரியாமல் சொன்னது என்பதையும் சொன்னேன். ட்ரீம்வேர்ல்டைச் சொல்லலாமா என்று தயங்கினேன். ஆனால் அவன் கேட்டது அதைத்தான். கவனமாகக் கேட்டுவிட்டு வளைவைப் பார்த்தான்.

"தண்ணி அது மேல விழுந்தாத்தான் விசில் அடிப்பாங்களா?"

"ஆமா, ஏறுறதப் பாத்தும் அடிப்பாங்க."

"அப்ப தண்ணி ஏற்கெனவே வந்துருச்சுல்லா. மேல யாராவது பாத்தாத்தான மாமா முன்னாடியே தெரியும்?"

பூங்காவில் தண்ணீரின் தலை எங்கே, கால் எங்கே என்று தெரியும். சென்சாரை எங்கே வைக்க வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. வைக்க மனது வேண்டும். மலையில் தண்ணீரின் தலை காடு முழுவதும். எந்த ஓடையில் எப்போது மழை கொட்டும் என்று ஒரு பொத்தான் பலகைக்குள் அடக்க முடியாது. ஆனாலும் அவன் சொன்னது சரி. கீழே இருக்கும் வளைவு வந்துவிட்ட தண்ணீரைச் சொல்கிறது. மேலே ஓடையில் மழையும் மட்டமும் அளக்கும் ஒரு கருவி, வரப்போகும் தண்ணீரைச் சொல்லும். எத்தனை நிமிடம் முன்னால் என்பதுதான் கேள்வி. கோல்ட் கோஸ்டில் ஒரு நிமிடம் இருந்தது, அதைப் பயன்படுத்த ஒன்றும் இல்லை. பழைய குற்றாலத்தில் அந்தப் பையனுக்குச் சில நிமிடங்கள் முன்னால் தெரிந்திருந்தால் படியிறங்கியிருப்பான். அணையைத் திறக்கும் முன் கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை சொல்லும் வழக்கம் நமக்கு இருக்கிறது. யாரும் திறக்காமல் வருகிற தண்ணீருக்கும் அப்படி ஒரு குரல் வேண்டும்.

"படிச்சு நீ வந்து வையி" என்றேன்.

"நீங்க படிச்சிட்டுத்தான இருக்கீங்க?" என்றான்.

பதில் சொல்லவில்லை. துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு இருவரும் ஓரமாக, கைப்பிடிக் கம்பியை ஒட்டிப் போய் நின்றோம். முதுகில் தண்ணீர் அறைந்தது. இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அவன் தலையை நனைத்துக்கொண்டே ஒரு கண்ணால் வளைவைப் பார்த்தபடி இருந்தான். நான் விசிலுக்குக் காது கொடுத்தபடி நின்றேன்.